வேகன் ஆர் கூரையில மூண்டு சர்ஃப் போர்ட்: ரெண்டு சீசன் கூரை ராக் பாவிச்சவன்ட ரிவியூ

திருகோணமலை உப்புவெளியில எங்கட வீட்டு வாசல்ல கார் நிக்கேக்க கூரையில ரெண்டு கறுப்பு பார் குறுக்கால கிடக்கிறதைப் பாத்திட்டு, என்ன தம்பி ஏணி ஏத்தவோ, வயறிங் வேலை தொடங்கிட்டியோ எண்டு கேட்டவை கனபேர். சர்ஃப் போர்ட் ஏத்த எண்டு சொன்னா, இஞ்ச எங்க அலை எண்டு அடுத்த கேள்வி வரும், அதுவும் நியாயம்தான், சித்திரைக்குப் பிறகு எங்கட பக்கம் கடல் குளம் மாதிரி, நிலாவெளியில சின்னப் பிள்ளையள் இடுப்பளவு தண்ணியில நிண்டு விளையாடுங்கள். அலை வேணுமெண்டா பொத்துவிலுக்குப் பக்கத்தில இருக்கிற அறுகம்பேக்குத்தான் போகோணும், அங்க சீசன் இஞ்ச குளமாக் கிடக்கிற அதே மாசங்கள்தான், மே தொடங்கி ஒக்டோபர் மட்டும். கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரையால மட்டக்களப்பு, அங்கயிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில், ஒரு வழிக்கே கிட்டத்தட்ட 240 கிலோமீற்றர். அங்க போய் வாடகைக்கு எடுத்தாப் போச்சே எண்டு அம்மா ஒவ்வொரு முறையும் வாசல்ல நிண்டு சொல்லுவா. சொந்த போர்ட் வச்சிருக்கிறவனுக்கு அது விளங்கும், மற்றவைக்கு விளங்கப்படுத்தேலாது.

கார் வேகன் ஆர், ஜப்பான் மொடல், சேசிஸ் கோட் எம்எச் 34. நீளம் 3395 மில்லிமீற்றர், அகலம் 1475, கூரை வழுக்கை, ரெயில் இல்லை, ஒண்டும் இல்லை. ஏத்த வேண்டியது மச்சான்ட 9 அடி லோங்போர்ட், அது மட்டும் 2 மீற்றர் 74 சென்ரிமீற்றர், என்ட ஏழரை அடி, பிறகு அவரிட மகன்ட ஸ்பொஞ்ச் போர்ட் ஒண்டு. என்ட போர்டை முன் சீற்றை மடக்கி உள்ளுக்க வச்சும் ஒருக்கா போனனான், மச்சான் பின்னால முழங்காலை நாடியில முட்டக் கொடுத்துக்கொண்டு மட்டக்களப்பு மட்டும் வந்து, அங்க இறங்கி இனி பஸ்ஸில வாறன் எண்டிட்டார்.

அதுக்குப் பிறகு வாங்கினது சொஃப்ட் ராக். ரெண்டு நீள ஸ்பொஞ்ச் மெத்தை, ஒவ்வொண்டுக்கும் ரெண்டு பெல்ட், ஒண்டு கதவுக்குள்ளால உள்ளுக்க போய் கூரையைச் சுத்தி வரும், மற்றது போர்டை மெத்தையோட இறுக்கும். பத்து நிமிசத்தில பூட்டலாம், கழட்டினா பின் சீற்றுக்குக் கீழ கிடக்கும், எந்தக் காருக்கும் சரி, அக்சியோ, விட்ஸ் எதுக்கும் கட்டலாம். இதில இருக்கிற நல்லது அவ்வளவுதான், ஆனா அவ்வளவும் உண்மையான நல்லது. குச்சவெளிப் பக்கம் பாடிலிங்குக்கு ஒரு போர்டைக் கொண்டுபோக இப்பவும் நான் இதைத்தான் எடுக்கிறனான்.

நீளப் பயணம் வேற கதை. சேருநுவர வர முதலே பெல்ட் காத்தில அதிரத் தொடங்கிச்சு, ஹூம்ம்ம் எண்டு ஒரு சத்தம், கார் கண்ணாடி பூட்டியிருந்தாலும் தலைக்குள்ள கேக்கும், பாட்டுப் போட்டாலும் அதுக்கு மேலால கேக்கும். பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினா சத்தம் நிக்கும் எண்டு பிறகுதான் தெரிஞ்சுது, தட்டையான பெல்ட்தான் காத்தில நாதஸ்வரச் சீவாளி மாதிரி அதிரும், முறுக்கினா அதிராது. மழைக்கு வைத்தியம் இல்லை. பெல்ட் கதவுக்குள்ளால வாறபடியால் தண்ணி பெல்ட்டைப் பிடிச்சுக்கொண்டே உள்ளுக்க வந்து சரியா என்ட வலது தோளில சொட்டும், வாழைச்சேனையில பெய்ஞ்ச அரை மணித்தியால மழைக்கு கல்முனை மட்டும் ஈரச் சட்டையோட இருந்தன். இன்னொண்டு மண். கடற்கரையில நிண்டு பூட்டேக்க மெத்தைக்குக் கீழ நாலு மண் போனாலே காணும், அது கூரையில அரத்தாள் மாதிரி உரஞ்சும், என்ட கூரையில ரெண்டு மங்கல் கோடு இண்டைக்கும் இருக்கு. 2020ல வாகன இறக்குமதியை நிப்பாட்டினதுக்குப் பிறகு அஞ்சு வருசம் இந்த நாட்டில பழைய காரையும் நகை மாதிரித்தான் பாத்தனாங்கள், அதில கோடு விழுந்தா மனசு கேக்காது.

எண்டாலும் நான் சொஃப்ட் ராக்கை விட்டதுக்குக் காரணம் சத்தமும் இல்லை, கோடும் இல்லை, காத்து. ஆடி மாசம், மேற்கால வாற கச்சான் காத்து அடிக்கிற நேரம், பனிச்சங்கேணிப் பாலத்தில ஏறினா பக்கத்தில இருந்து காத்து காரையே ஒரு தள்ளுத் தள்ளும். எதிர்ல ஒரு பிரைவேட் பஸ் வந்து உரசினமாதிரிப் போக, கூரையில பொத்தெண்டு ஒரு சத்தம். இறங்கிப் பாத்தா மூண்டு போர்ட்டும் மெத்தையோட சேந்து ஒரு சாண் இடப்பக்கம் நகந்து நிக்குது. விழேல்ல, ஆனா அந்த ஒரு சாணைப் பாத்ததும் வயித்தைக் கலக்கிச்சு, பின்னால மோட்டச்சைக்கிள்ல ஒரு குடும்பமே வந்துகொண்டிருந்தது.

எங்கட ஆக்கள் பாரத்தைப் பற்றித்தான் கேப்பினம், எத்தினை கிலோ தாங்கும் எண்டு. மூண்டு போர்ட்டும் சேத்தா 20 கிலோ வராது, பாரம் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை காத்து தூக்கிறது. காத்திட தள்ளல் வேகத்தோட சேந்து ஏறாது, வேகத்திட வர்க்கத்தோட ஏறும், 50ல போறதை விட 70ல போகேக்க கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, 100ல போனா நாலு மடங்கு. ஊருக்கு வெளியில எங்கட சட்டம் 70, அதைத் தாண்டாமப் போனாலும் எதிர்க்காத்து 30ல அடிச்சா போர்டுக்கு அது 100தான். அதால பெட்டியில 75 கிலோ தாங்கும் எண்டு எழுதியிருக்கிறதைப் பாத்து மயங்காதேங்கோ. பாரக் கணக்கு வேணுமெண்டா காரிட மனுவலில கூரைக்கு எவ்வளவு எண்டு இருக்கும், அதுவும் பெட்டியில இருக்கிறதும் ரெண்டில எது குறையோ அதுதான் கணக்கு, ராக்கிட பாரமும் அதுக்குள்ளதான்.

அடுத்து வெல்டிங் பட்டறை. சேர்ந்தவை எல்லாரும் சொன்னது உதுதான், ஏன் வெளிச்சாமானுக்குக் காசைக் கொட்டுறாய், ஜீஐ பைப்பில அடிச்சுத் தருவாங்கள் எண்டு. பாஸ் ஒருத்தர் வந்து கூரையைத் தட்டிப் பாத்து, தம்பி நான் அடிச்சா யானை ஏறினாலும் அசையாது எண்டார். யானை ஏறுற பிளான் இல்லை அண்ணை எண்டு சொல்லிட்டு வந்திட்டன். பாஸைக் குறை சொல்லேல்ல, பழைய வான்களில கூரை ஓரத்தில தண்ணி ஓடுற காண் மாதிரி ஒரு விளிம்பு இருக்கும், அப்பிடி வான் வச்சிருக்கிறவை கண்ணை மூடிக்கொண்டு பட்டறைக்குப் போகலாம், அந்த விளிம்பில கிளாம்ப் பிடிச்சா அதைவிடத் திறமான ராக் இல்லை. அறுகம்பேயில ஓட்டோக்களுக்கு மேல போர்ட் ஏத்துறதும் உப்பிடி அடிச்ச கம்பியிலதான், நாள் முழுக்க விஸ்கி பொயின்ற், பீனட் ஃபாம் எண்டு அலை இருக்கிற இடங்களுக்கு ஓடிக்கொண்டே இருக்குங்கள். வேகன் ஆர் மாதிரி வழுக்கைக் கூரைக்கு பட்டறைக் கரியர் பிடிக்க இடமே இல்லை, ஓட்டை போடோணும், அல்லது கூரைத் தகட்டில காலை ஊண்டோணும், ரெண்டும் வேண்டாம்.

அப்ப மிச்சம் கிளாம்ப் வச்ச குறுக்கு பார். தூலி, யக்கிமா, ரைனோ ராக் எண்டு பேர்போன கொம்பனியள் இருக்கு. இதில ஒரு விசயம் முதலே விளங்கியிருந்தா எனக்கு ஒரு மாசம் மிஞ்சியிருக்கும். இந்த ராக் ஒரு சாமான் இல்லை, மூண்டு சாமான்: பார், கால், கிட். பாரும் காலும் கன கார்களுக்குப் பொது, கிட் மட்டும் உங்கட காரிட கதவு விளிம்புக்கெண்டு வளைச்ச தகடும் ரப்பரும். அது பிழைச்சா மிச்சம் ரெண்டும் வீட்டில உடுப்புக் கொடி கட்டத்தான் உதவும். நான் ஒன்லைன்ல வேகன் ஆர் எண்டு போட்டிருந்ததைப் பாத்து ஓடர் பண்ணினன், வந்தது இந்திய வேகன் ஆருக்குரியது. பேர் ஒண்டு, கார் வேற. 2019க்குப் பிறகு வந்த இந்திய மொடல் 3655 நீளம், 1620 அகலம், எங்கட ஜப்பான் கார் அதுக்குத் தம்பி மாதிரி. பார் ரெண்டு பக்கமும் காதுமாதிரி நீட்டிக்கொண்டு நிண்டுது, கிளாம்ப் விளிம்பைப் பிடிக்கவே இல்லை. வித்தவருக்குக் கோல் அடிச்சா, வேகன் ஆர் எண்டுதானே கேட்டனீங்கள் எண்டார். என்னத்தைச் சொல்ல. நீங்கள் கேக்கேக்க பேரைச் சொல்லாதேங்கோ, சேசிஸ் கோட்டைச் சொல்லுங்கோ, எம்எச் 34 வேற, எம்எச் 55 வேற.

கடைசியா கொழும்பில கார்ச் சாமான் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தையில காரையே கொண்டுபோய் நிப்பாட்டி, பூட்டிப் பாத்து வாங்கினன். பேர்போன கொம்பனி இல்லை, அலுமினியம் பார், முட்டை வடிவம், உள்ளுக்க இரும்புக் கிளாம்ப். விலை எழுதேல்ல, இண்டைக்கு எழுதினா நாளைக்குப் பிழைக்கும், ஆனா சொஃப்ட் ராக் நாலு வாங்கியிருக்கலாம். முன் பாருக்கும் பின் பாருக்கும் இடையில 80 சென்ரிமீற்றர் வச்சிருக்கிறன், 70க்குக் கீழ போனா 9 அடி போர்ட் தராசு மாதிரி ஆடும். சதுர பாரும் இருந்தது, மலிவு, ஆனா அது காத்தில ஊதும். என்ட முட்டை வடிவமும் போர்ட் இல்லாம வெறுமனே போகேக்க 60க்கு மேல ஒரு சின்ன விசில் அடிக்குது, முழுசா நிக்கேல்ல. பாரில சுத்த எண்டு விக்கிற பாட் வாங்கேல்ல, ஏசி பைப்புக்குப் போடுற கறுப்பு ஸ்பொஞ்சை நீளத்துக்கு வெட்டிப் போட்டன், ஒரு சீசனில வெயிலுக்கு உக்கிக் கையில ஒட்டும், மாத்திறதுக்குச் செலவு பெரிசில்லை.

ரெண்டு சீசனில எனக்கு விளங்கினது, நான் மாசக்கணக்கா மண்டையை உடைச்சது ராக்குக்காக, உயிரைப் பிடிச்சு வச்சிருக்கிறது பெல்ட். முதல் தரம் ஹார்ட்வெயார் கடையில லொறிக்காரர் பாவிக்கிற ரட்செட் பெல்ட் வாங்கி, டக் டக் எண்டு நல்லா இறுக்கிட்டன், சந்தோசம் வேற, அசையவே இல்லை எண்டு. பொத்துவிலில அவிழ்த்தா என்ட போர்டிட ரெண்டு பக்க விளிம்பிலயும் பெருவிரல் அழுத்தின மாதிரிக் குழி, ஒரு இடத்தில வெடிப்பு. போர்ட் உள்ளுக்க நுரைதான், மேல மெல்லிசா ஃபைபர், ரட்செட் லொறிச் சாமானுக்குச் செய்தது. வேண்டியது கையால இழுத்தா மட்டும் இறுகிற, பல்லு வச்ச பக்கிள் உள்ள பெல்ட், அதுக்குமேல ஒரு ரப்பர் உறை இருக்கோணும், இல்லாட்டி வீசேக்க இரும்பு கண்ணாடியில படும். கையால எவ்வளவு இழுக்கேலுமோ அவ்வளவு போதும். கிண்ணியாப் பாலம் தாண்டினதும் ஒருக்கா இறங்கி இழுத்துப் பாருங்கோ, கட்டாயம் ஒரு விரற்கடை தொய்ஞ்சிருக்கும், ஸ்பொஞ்ச் அமத்துப்பட்டு இடம் விடுறது, பிறகு கன தூரத்துக்கு அசையாது.

ஏத்திற முறையும் நான் தலைகீழாத்தான் செய்துகொண்டிருந்தனான். சரியான முறை இதுதான்: கால் வழுக்காம மெழுகு பூசின மேல்பக்கம் கீழ, அடியில மீன் செட்டை மாதிரி நிக்கிற செட்டை முன்னுக்கு, வானத்தைப் பாத்தபடி. போர்டிட மூக்கு மேல வளைஞ்சது, கவிட்டு வச்சா அந்த வளைவு கீழ திரும்பும், காத்து அடியில புகுந்து தூக்காது. செட்டை முன்னுக்கு ஏனெண்டா காத்து தள்ளுறது பின்னுக்கு, வழுக்கினாலும் செட்டை முன் பெல்ட்டில கொளுவி நிக்கும். பெரிசு அடியில, சின்னது மேல, இடையில துவாய். ஏத்த முதல் பின் கதவைத் திறந்து பையளை வச்சு முடிச்சிடுங்கோ, வேகன் ஆரிட பின் கதவு மேல எழும்புறது, பின்னுக்கு நீட்டிக்கொண்டிருக்கிற 9 அடியில போய்ப் படார் எண்டு அடிக்கும், மருமகன் அடிச்சுக் காட்டினவர்.

வெயிலுக்கு ராக் பொறுப்பில்லைத்தான், ஆனா ராக் வாங்கினவன்தான் மாட்டுப்படுறது. கல்லடியில சாப்பிட எண்டு நிப்பாட்டி ஒரு மணித்தியாலம் இருந்திட்டு வந்தா மெழுகு உருகி முன் கண்ணாடியால வழிஞ்சிருந்தது, வைப்பர் போட்டன், அது இன்னும் மோசமாப் பூசி விட்டுது. அது பரவாயில்லை, உள்ளுக்க ஈபிஎஸ் எண்ட நுரையும் மேல எப்பொக்ஸிப் பூச்சும் உள்ள போர்டுகள் அப்பிடி வெயிலில வெந்தா உள்ளுக்க காத்து விரிஞ்சு மேல்தோல் கொப்புளம் மாதிரி எழும்பும், பிறகு அந்தப் போர்ட் போனதுதான். வெள்ளிக் கலர் உறை போடுங்கோ, நிழலில நிப்பாட்டுங்கோ, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போறது இன்னும் திறம்.

ரெண்டு சீசன் முடிஞ்சு இப்ப பார் எப்பிடி எண்டா, அலுமினியம் அப்பிடியே இருக்கு, கிளாம்ப் போல்ட்டில துரு ஏறிட்டுது, ஒண்டை அவிழ்க்க டபிள்யூடி 40 அடிச்சு ஒரு இரவு விட வேண்டி வந்தது. நல்ல தண்ணியில கழுவோணும் எண்டு தெரியும், அறுகம்பேயில இருந்து ராத்திரி பதினொரு மணிக்கு வந்திறங்கினா ஆருக்கு ஏலும். இந்த முறை மாரி தொடங்க முதல் கழட்டி, போல்ட்டுகளை ஸ்ரெயின்லெஸுக்கு மாத்தச் சொல்லி பட்டறையில குடுத்திருக்கிறன், யானை பாஸிட்டத்தான்.