கிட்டாருக்கு மெருகு: அரக்கா, நைட்ரோவா?

ஸ்ப்ரூஸ் மர முன்பலகையின் அதிர்வை அமுக்காத மெல்லிய பூச்சு வேண்டுமென்றால் அரக்குதான். 200 மில்லி ஆல்கஹாலில் 48 கிராம் அரக்குச் செதில். பஞ்சை நூல்துணியில் பொதிந்து, ஒரு சொட்டு ஆலிவ் எண்ணெய் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். கை ஒரே இடத்தில் நின்றால் அடிப்பூச்சு கரைந்து பெயரும். கரைத்து 6 மாதம் தாண்டியது சரியாக இறுகாது, கொட்டிவிடுங்கள். முன்கை படும் இடம் வியர்வையில் பிசுபிசுக்கும். ஆனால் அங்கே மட்டும் மறுபடி பூசினால் போதும், பழையதோடு கலந்துவிடும்.

கிட்டார் நிறுவனங்களான மார்ட்டினும் கிப்சனும் 1920களில் நைட்ரோ என்கிற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் மெருகுக்கு மாறின. ஸ்ப்ரே, காற்றோட்டம், முகமூடி எல்லாம் தேவை; பக்கத்தில் நெருப்பு கூடவே கூடாது. 8 பூச்சு, பிறகு 3 வாரம் பொறுமை. அவசரப்பட்டு மெருகேற்றினால் பூச்சு பிற்பாடு சுருங்கி மர இழை தெரியும். மழைநாளில் அடித்தால் வெண்மை படரும். பார்வைக்கு வைக்கும்போது ரப்பர் தாங்கியில் சாய்க்காதீர்கள். லாக்கர் இளகி ஒட்டிக்கொள்ளும்.