கலியாண இறுவட்டைக் கணினிக்கு மாற்ற: மேக்எம்கேவியா, ஹேண்ட்பிரேக்கா?

2000களில் மட்டக்களப்பில் கலியாணம் நடந்த வீடுகளின் அலுமாரிகளில், மணமக்கள் படம் அச்சடித்த உறையோடு ஓர் இறுவட்டு கிடக்கும். போட்டுப் பார்க்கத்தான் இன்று பிளேயர் இல்லை. வாவிக்கும் கடலுக்கும் நடுவே கல்லடி, நாவற்குடாப் பக்கம் குடியிருப்போருக்கு இன்னொரு அவசரமும் உண்டு. ஸ்டூடியோவில் எழுதிக்கொடுத்த டிவிடி-ஆர் வட்டில் காட்சி பதிந்திருப்பது ஒரு சாயப் படலத்தில். வெக்கையும் ஈரக்காற்றும் அந்தச் சாயத்துக்கு ஆகாது. யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கியாவது இப்போதே படியெடுத்துவிட வேண்டும்.

அதற்கான மென்பொருள்களில் எனது தெரிவு மேக்எம்கேவி. வட்டில் எம்பெக்-2 என்ற வடிவத்தில் உள்ள காட்சியைக் கை வைக்காமல் அப்படியே எடுத்து எம்கேவி என்ற வீடியோ கோப்பாக்கித் தரும். தரம் இம்மியும் குறையாது. முகப்புப் பட்டி (மெனு) மட்டும் போய்விடும். டிவிடிக்குக் கட்டணம் இல்லை. டிரைவ் வாசிக்கும் வேகமே வேலையின் வேகம் என்பதால் பழைய கணினியும் போதும். குறை, அளவு. நிரம்பிய டிவிடியின் கோப்பு 4 ஜிபியைத் தாண்டும்; ஃபேட்32 முறையில் ஃபோர்மட் செய்த பென் டிரைவ் அதை ஏற்காது. இடம் தாராளமாக இருந்தும் "கோப்பு மிகப் பெரியது" என்று கணினி மறுப்பது இதனால்தான். பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் சரி, ஆனால் பழைய தொலைக்காட்சிகள் சில அதை வாசிக்காது.

ஹேண்ட்பிரேக் செய்வது வேறு வேலை. அது காட்சியை மறுபடி குறியாக்கிச் சுருக்குகிறது. முழு இலவசம், திறந்த மூலம். சுவிஸில் இருக்கும் மச்சாளுக்குக் கைப்பேசியில் அனுப்ப இதைவிட நல்லது இல்லை. தர அளவை 18க்கும் 22க்கும் இடையில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மூலப் பிரதியை இதில் எடுப்பதுதான் எனக்கு உடன்பாடில்லை. நமது நாட்டின் பால் (PAL) தொலைக்காட்சி முறையில் டிவிடி 720க்கு 576 புள்ளிகள். கலியாண வீடியோக்களில் பெரும்பாலும் ஒவ்வொரு சட்டகமும் இரு பாதி வரிகளாகப் பின்னப்பட்டிருக்கும். கூறை உடுத்த மணமகள் திரும்பும்போது சேலைக் கரையில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிவது இதனால்தான். ஹேண்ட்பிரேக்கில் அதற்கான டீகோம் வடிகட்டி இருக்கிறது. அதை அணைத்துவிட்டுக் குறியாக்கினால் கோடுகள் கோப்பிலேயே ஊறிவிடும். மூலம் எம்கேவியாக இருந்தால் பத்துத் தடவை வேண்டுமானாலும் திருத்திச் சுருக்கலாம்.

கடையில் வாங்கிய திரைப்பட வட்டு என்றால் படியெடுப்பதைத் தடுக்கும் பூட்டும் சேர்ந்தே வரும். மேக்எம்கேவி அதைத் தானே கையாளும். ஹேண்ட்பிரேக் தனித்து அதைத் திறக்காது. டிவிடி விற்பனைக்காகப் பிரித்த உலக வலயங்களில் இலங்கை 5ஆம் வலயம். கனடாவிலிருந்து வரும் வட்டு 1ஆம் வலயம், லண்டன் வட்டு 2. வேறு வலய வட்டுக்காக டிரைவின் வலயத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும், யோசித்து மாற்றுங்கள்.

டிவிடி ஷ்ரிங் என்ற பழைய மென்பொருளை இன்னும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். 2004க்குப் பிறகு அது வளரவில்லை. 8.5 ஜிபி வட்டை 4.7 ஜிபி வெற்று வட்டில் அடக்கவே அது பிறந்தது. வன்தட்டு மலிந்த காலத்தில் அந்தத் தேவையே இல்லை.

முகப்புப் பட்டியும் வேண்டும் என்பவர்கள் இம்ஜ்பேர்ன் என்ற மென்பொருள் கொண்டு வட்டின் முழு நகலான ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து விஎல்சி பிளேயரில் பார்க்கலாம். இம்ஜ்பேர்னின் கடைசிப் பதிப்பு 2013இல் வந்தது என்றாலும் வேலை செய்கிறது. வட்டில் கீறல் இருந்தால் மட்டும் இவற்றை விட்டுவிட்டு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளை எடுங்கள். கட்டளை தட்டச்சுச் செய்ய வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும். ஆனால் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டுப் பிறகுதான் கெட்ட இடங்களோடு மல்லுக்கட்டும். எதுவரை எடுத்தது என்று குறித்துவைப்பதால், இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்தில் தொடரலாம். முதல் டிரைவ் வாசிக்காத பகுதியை இன்னொரு டிரைவில் போட்டு நிரப்பலாம்.

அலுமாரியில் இருப்பது விசிடி என்றால் மேக்எம்கேவி உதவாது. எம்பெகாவ் (MPEGAV) என்ற கோப்புறையில் இருக்கும் டாட் (.DAT) கோப்புகளைப் பிரதிசெய்தாலே போதும், விஎல்சி ஓட்டும். 352க்கு 288 புள்ளிகள்தான். எந்த மென்பொருளும் அதில் இல்லாத தெளிவைக் கொண்டுவராது.