மீட்டரில் 6.8, தொட்டியில் 11: தானியங்கி பிஎச் கருவியுடன் ஆறு ஆண்டுகள்

எங்கள் பட்டறையில் கழிவுநீரின் பிஎச்சை அளந்து, தேவையான காரத்தைத் தானே ஊற்றும் கருவி ஒன்று இருக்கிறது. போன வாரம் அதில் நீரை அளக்கும் கண்ணாடிக் குழாயான எலெக்ட்ரோடை மாற்றினேன், இது ஐந்தாவது. அன்று மாலையே ஓசூரில் கம்பிப் பட்டறை நடத்தும் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். “ஆசிட் கழிவுக்கு நீங்கள் வைத்திருக்கும் கருவியையே நானும் வாங்கிவிடட்டுமா?” என்று கேட்டார். சட்டென்று “வேண்டாம்” என்றேன். காரணம் கேட்டபோது கால் மணி நேரம் அந்தக் கருவியைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். அவர் குழம்பிப் போனார். அவருக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எங்களுடையது கோவையில் ஒரு சிறிய பிக்லிங் பட்டறை. இரும்பின் துருவை ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் நீக்குகிறோம். அலசிய நீர் சேகரிப்புத் தொட்டிக்கு வந்து, காஸ்டிக் சோடா என்ற காரம் சேர்ந்து நடுநிலையான பிறகுதான் வெளியேற வேண்டும். பிஎச் 7 என்றால் நடுநிலை, குறைந்தால் ஆசிட், கூடினால் காரம். வெளியேறும் நீரின் பிஎச் 5.5 முதல் 9.0 வரை இருக்கலாம் என்பது விதி. எண்களாகப் பார்த்தால் அகலமான இடைவெளி போலத் தெரியும். தொட்டி அருகே நின்றவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். ஆயிரம் லிட்டர் நீர் பிஎச் 2-ல் இருந்தால், ஆசிட்டுக்கு மட்டும் சுமார் 400 கிராம் காஸ்டிக் தேவை. 3-ல் இருந்தால் 40 கிராம், 4-ல் இருந்தால் வெறும் 4 கிராம். முதலில் நூற்றுக்கணக்கான கிராம் கேட்கும் நீர், கடைசியில் ஒரு சிட்டிகையில் எல்லையைத் தாண்டிவிடும்.

கருவி வருவதற்கு முன்னால் எங்கள் ஆபரேட்டர் பிஎச் தாளும் கரண்டியுமாக நின்று, காஸ்டிக் செதில்களைத் தொட்டியில் போடுவார். செதில் கரையும்போது நீர் கொதித்துத் தெறிக்கும். ஒருமுறை அது தெறித்து அவர் முன்கையில் தோல் வெந்துபோனது. மறுநாளே கருவிக்கு முன்பணம் கட்டினேன். இன்று அவர் காஸ்டிக் கரைசல் டிரம்மை மாற்றும்போது மட்டும் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு அருகில் போகிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே கருவிக்குக் கொடுத்த பணம் வீண் இல்லை. அந்தக் கரைசலை அளந்து ஊற்றும் டோசிங் பம்பையும் சொல்ல வேண்டும். ஆறு ஆண்டுகளில் அதன் உள்ளே அசையும் சவ்வான டயாப்ரம் ஒன்றை மட்டும்தான் மாற்றினோம். அதைச் செய்தவர்களைப் பாராட்டுகிறேன்.

என் கோபமெல்லாம் அந்த விரல் நீளக் கண்ணாடிக் குழாய் மீதுதான்.

பழைய ஆசிட்டில் இரும்பு கரைந்திருக்கும். பிஎச் ஏறும்போது அது முதலில் பச்சையாகவும், காற்றுப் பட்டபின் துருநிறமாகவும் படியும். அந்தச் சேறு எலெக்ட்ரோடின் முனையில் மெல்லிய போர்வையாக ஒட்டிக்கொள்கிறது. போர்வைக்குள் சிக்கிய பழைய நீரைத்தான் கண்ணாடி உணர்கிறது. தொட்டி எப்போதோ நடுநிலைக்கு வந்திருக்கும், மீட்டர் மட்டும் இன்னும் ஆசிட் என்றே காட்டும். அதை நம்பி பம்பு காஸ்டிக்கை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

இரண்டாம் ஆண்டில் ஒரு காலை மீட்டரில் 6.8 இருந்தது. தற்செயலாகத் தாளை நனைத்துப் பார்த்தேன், கருநீலம். கைமீட்டரில் 11. நடுநிலையான ஆயிரம் லிட்டர் நீரை 11-க்குக் கொண்டுபோக 40 கிராம் காஸ்டிக் மிகுந்தாலே போதும். கடைசியில் நீரைப் பிடித்து வைக்கும் ஒரு நிறுத்து தொட்டி இருந்ததால் நீர் வெளியே போகவில்லை. அது இல்லாமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

விற்றவர்களை அழைத்தேன். வந்த சர்வீஸ்காரர், “உங்கள் தண்ணீர் அப்படி, சார்” என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. இரும்பு கலந்த ஆசிட் நீர் என்று வாங்கும்போதே எழுதிக் கொடுத்திருந்தேன். கையேட்டில் மாதம் ஒருமுறை சுத்தம் செய்தால் போதும் என்று இருக்கிறது. எங்கள் நீருக்கு நான்கு நாளே அதிகம். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு எலெக்ட்ரோடுகளாவது பிழைத்திருக்கும்.

இப்போது திங்களும் வியாழனும் ஆபரேட்டர் அதைக் கழற்றி, நீர்த்த ஆசிட்டில் சில நிமிடம் வைத்து, கழுவி, பிஎச் 7, 4 என்று மாறாமல் நிற்கும் பஃபர் கரைசல்களில் சரிபார்க்கிறார். கழற்றி வைக்கும்போது முனை பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைந்திருக்க வேண்டும். காய விடக்கூடாது, காய்ச்சி வடித்த நீரிலும் ஊற வைக்கக்கூடாது. எங்கள் மூன்றாவது எலெக்ட்ரோடு பொங்கல் விடுமுறையில் காய்ந்துதான் கெட்டது. பம்பு சிறிது ஊற்றியதும் நின்று, கலக்கி சுற்றும்வரை காத்திருக்கும்படி டைமரும் வைத்துவிட்டோம். பழைய ஆசிட் தொட்டியை ஒரேயடியாகத் திறப்பதில்லை, அலசிய நீரோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து விடுகிறோம்.

காஸ்டிக்குக்குப் பதிலாக மெக்னீசியம் ஹைட்ராக்சைடு போடுவது பற்றியும் நண்பர் கேட்டார். மெதுவாகத்தான் வேலை செய்யும், பெரிய தொட்டி வேண்டும். ஆனால் கூடுதலாகப் போட்டாலும் காஸ்டிக்கைப் போல 12, 13-க்குத் தாவாது. இடம் இருந்தால் நான் அதற்கே மாறியிருப்பேன். அவர் உலோக முலாம் பூசும் பிளேட்டிங்கும் தொடங்கப் போகிறாராம். அந்த வேலையில் சயனைடு நீர் வந்தால் அதை ஆசிட் நீரின் பக்கமே விடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் வருவது உயிரைக் கொல்லும் வாயு என்று இரண்டு முறை சொன்னேன்.

நடுநிலையான நீர் நல்ல நீர் என்று நினைத்துவிட வேண்டாம் என்றும் சொன்னேன். ஆசிட்டும் காஸ்டிக்கும் சேர்ந்து உப்பாகத்தான் மாறுகின்றன. திருப்பூர்ச் சாயக் கழிவின் உப்பு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணையே உழவர்களுக்குத் துயரமானதைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள். அதனால் எங்கள் நீர் ஆற்றுக்குப் போவதில்லை, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போகிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நண்பர், “அப்படியானால் நல்ல கருவிதானே?” என்றார். நல்ல கருவிதான். என்னுடையது உடைந்தால் நாளையே இதே மாதிரியை வாங்குவேன். ஆனால் அவர் பட்டறையில் வாரம் இருமுறை அந்த முனையைக் கழுவ ஓர் ஆள் கிடையாது, அவரும் மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவர். அவருக்கு வேண்டாம் என்றுதான் மறுபடியும் சொன்னேன்.

புது எலெக்ட்ரோடு இன்று காலை 4-க்கு 4.02, 7-க்கு 7.01 காட்டியது. வியாழனன்று மறுபடி பார்க்க வேண்டும்.