கியர் விழவில்லை என்று கொண்டுபோனேன், 38,500 ரூபாயைக் கழற்றிவிட்டார்கள்

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அடங்கிவிட்டால் "சரி, போனது போகட்டும்" என்று விட்டுவிடத் தோன்றும். அந்த ஒர்க்‌ஷாப்காரர் நம்பியிருப்பதும் அதைத்தான். போனது 38,500 ரூபாய். பழைய காரை மாடிஃபை செய்து சென்னையில் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள், கடைசியில் என்ன பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறேன்.

வண்டி பழைய மாருதி ஜென். உள்ளே இருப்பது ஜெனின் 993 சிசி இன்ஜின் இல்லை, மாருதி எஸ்டீமின் 1.3 லிட்டர் இன்ஜின், அதன் கியர்பாக்ஸோடு. இரண்டும் சுசுகியின் ஜி வரிசை இன்ஜின்கள் என்பதால் பல வருடமாகவே பலரும் செய்கிற மாற்றம்தான். ஆர்.சி.யிலும் ஏற்றியாகிவிட்டது, அதனால் "இந்த மாதிரி வண்டிக்கு இப்படித்தான் ஆகும்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

பிரச்சினை இதுதான். டைடல் பார்க் சிக்னலில் நின்று கிளம்பினால் ஃபர்ஸ்ட் கியர் விழாது. ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று பல் அரைக்கும். பின்னால் நிற்கிற ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். ஆனால் இன்ஜினை அணைத்துவிட்டுப் போட்டால் எல்லா கியரும் நோகாமல் விழும். கிளட்ச் பெடலும் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே வந்தது. செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) அடித்தால் இழுத்து இழுத்துத்தான் ஸ்டார்ட் ஆகும். இந்த எல்லாவற்றையும், செல்ஃப் விஷயம் உட்பட, நான் அந்த ஆளிடம் முதல் நாளே வாய்விட்டுச் சொன்னேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடை பெயர் போடவில்லை. ஓ.எம்.ஆர். பக்கம், பழைய கார்களையும் மாடிஃபை செய்த கார்களையும் மட்டுமே பார்க்கிறோம் என்று போர்டு வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப். எபாக்ஸி தரை, கண்ணாடி அறை, சுவரில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் படங்கள். முதலாளி பானெட்டைத் திறந்தார். உடனே எதையும் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, "சார், இந்த இன்ஜினை இறக்கினவன் நல்ல கைக்காரன். மவுண்டிங் எவ்ளோ சுத்தமா பண்ணிருக்கான் பாருங்க" என்றார். நான் விழுந்தது அங்கேதான். ஊரிலுள்ள மெக்கானிக்கெல்லாம் என் வண்டியைப் பார்த்து முகம் சுளித்த நேரத்தில், பாராட்டித் தொடங்கிய ஒரே ஆள் இவர். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? டீ வரவழைத்துக் கொடுத்தார். அவரே உட்கார்ந்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "கிளட்ச் செட் போயிடுச்சு சார், பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூணும் மாத்திடலாம். செல்ஃபுக்கு பேட்டரியைப் பாருங்க, அது வேற" என்றார். லேபரோடு 11,500 ரூபாய். விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.

வண்டி வந்தது. கியர் விழுந்தது. சந்தோஷம் கொஞ்ச நாள்தான், பழைய குருடி கதவைத் திறடி. இப்போது பெடல் முன்பைவிடக் கடினம்.

திரும்பக் கொண்டுபோனதும் பேச்சு மாறியது. "அப்போ கியர்பாக்ஸ் உள்ளேயே அடிபட்டிருக்கு சார். சிங்க்ரோ ரிங் தேஞ்சிருக்கும். பிரிச்சே ஆகணும்." சிங்க்ரோ ரிங் என்பது கியர் மாறும்போது பல்களின் வேகத்தைச் சமப்படுத்துகிற வளையம். இன்ஜினை அணைத்தால் கியர் ஒழுங்காக விழுகிறதே என்று கேட்டேன். "மாடிஃபைடு வண்டில அதெல்லாம் கணக்கு இல்ல சார், உங்களுக்குச் சொன்னா புரியாது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போது எழுதும்போதும் எரிகிறது. சிங்க்ரோ ரிங், பேரிங், ஆயில் சீல், புது கியர் ஆயில், பிரித்துப் பூட்டும் கூலி எல்லாம் சேர்த்து 27,000 ரூபாய். ஆக மொத்தம் 38,500 ரூபாய். அதே யு.பி.ஐ. ஸ்கேனர். பழைய பார்ட்ஸ் எங்கே என்று கேட்டதற்கு, "பசங்க ஸ்கிராப்ல போட்டுட்டாங்களே சார், முன்னாடியே சொல்லிருக்கக் கூடாதா" என்றார்கள்.

எடுத்துக்கொண்டு வந்த வாரத்திலேயே மத்திய கைலாஷ் சிக்னலில் வண்டி கியர் விழாமல் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பணத்தைவிட மோசம். போன் போட்டால் "முதலாளி சைட்ல இருக்கார்". கார் ஒர்க்‌ஷாப்புக்கு என்னய்யா சைட்? வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போனால் கண்ணாடி அறைக்குள் ஆள் தெரிகிறார், வெளியே பையன் "சார் இப்பதான் கிளம்பினாரு" என்கிறான். ஒருவழியாகப் பிடித்தபோது, "ஒரிஜினல் வண்டின்னா வாரண்டி கொடுக்கலாம். இது கலவை வண்டி. நாங்க போட்ட பார்ட்ஸ்ல குறை இல்ல, உங்க வண்டிலதான் குறை" என்றார். முதல் நாள் "நல்ல கைக்காரன்" என்று புகழ்ந்த அதே வாய். பில் கேட்டேன். "ஜி.எஸ்.டி. பில்லுன்னா 18 பர்சன்ட் மேல வரும், பரவாயில்லையா?" 38,500 ரூபாயை வாங்கி வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா இது?

நண்பர் ஒருவர் சொல்லி, புதுப்பேட்டையில் ஒரு சின்ன ஷெட்டுக்குப் போனேன். அங்கே இருந்த பெரியவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கியர் பக்கமே அவர் போகவில்லை. கியர் விழவில்லை என்று நான் ஆரம்பித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "செல்ஃப் எப்படி எடுக்குது தம்பி?" இழுக்கிறது என்றேன். "அடி" என்றார். அடித்தேன். மறுபடி அடிக்கச் சொன்னார். அப்புறம் என் கையைப் பிடித்துக் கிளட்ச் கேபிள் மேல் வைத்தார். சூடு. இன்ஜின் ஓடவே இல்லை, கேபிள் மட்டும் சுடுகிறது.

விஷயம் இதுதான். இன்ஜினையும் பாடியையும் இணைக்கிற எர்த் ஸ்ட்ராப் என்று ஒரு பின்னல் பட்டை உண்டு. என் வண்டியில் அது பச்சை பூத்து, முனையில் அறுந்து, பேருக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் நிறுத்துகிற வண்டி, உப்புக்காற்று தாமிரத்தை விடுமா? ஸ்டார்ட்டர் மோட்டார் இழுப்பது கொஞ்சநஞ்ச கரண்ட் இல்லை. அது பேட்டரிக்குத் திரும்ப வழி வேண்டும். ஸ்ட்ராப் இல்லாததால், இன்ஜின் பக்கத்தையும் பாடியையும் தொட்டுக்கொண்டிருந்த கிளட்ச் கேபிள் வழியாகப் போயிருக்கிறது. ஒவ்வொரு செல்ஃபுக்கும் கேபிள் சூடாகி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை உருகி, கம்பி அதில் உரசி இறுகிவிட்டது. பாய் கேபிளைக் கழற்றி வெட்டிக் காட்டினார், உறை கருகி கம்பியோடு ஒட்டியிருந்தது. பெடலை முழுக்க மிதித்தாலும் கிளட்சை விடுவிக்கிற ஃபோர்க் முழுக்க நகராது, கிளட்ச் முழுக்க விடாது, ஓடுகிற இன்ஜினில் கியர் எப்படி விழும்? முதல் தடவை அந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்ததும் சில நாள் நன்றாக இருந்ததற்குக் காரணம், அவர்கள் கேபிள் நட்டை இறுக்கியிருந்தார்கள், அவ்வளவுதான்.

புதுக் கேபிள், புது ஸ்ட்ராப், கூலி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். செல்ஃபும் சரியாகிவிட்டது, அதே பழைய பேட்டரியில்.

அதோடு முடியவில்லை. கியர்பாக்ஸைப் பிரித்தார்களாமே என்று பாய்க்குச் சந்தேகம். டிரெயின் போல்ட்டைக் கொஞ்சம் லூசாக்கி விரலில் தொட்டுக் காட்டினார். தார் நிறத்தில் ஆயில், கூடவே பொடிப்பொடியாக இரும்புத் தூள். புது ஆயிலுக்குப் பணம் கொடுத்தவன் நான். கியர்பாக்ஸின் இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில் பழைய மண்ணும் கிரீஸும் அப்படியே பாறையாக இருந்தன, ஒரு ஸ்பேனர் பட்ட தடம்கூட இல்லை. "இதை யாரும் திறக்கல தம்பி" என்றார். கிளட்ச் பிளேட்டாவது புதுசா என்று தெரிந்துகொள்ள கியர்பாக்ஸை இறக்க வேண்டும், அதற்குத் தனிக் கூலி. இப்போதைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். 38,500 ரூபாயில் எத்தனை ரூபாய்க்கு உண்மையாக வேலை நடந்தது என்பது அந்த ஆளுக்குத்தான் வெளிச்சம்.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. அவசரத்துக்குச் சில. இன்ஜின் ஓடும்போது விழாத கியர், அணைத்ததும் சுலபமாக விழுந்தால், முதலில் கிளட்ச் முழுக்க விடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேபிள், ஃபோர்க், ஃப்ரீ ப்ளே (பெடலின் வெற்று ஆட்டம்), இவற்றைப் பார்க்காமல் கியர்பாக்ஸைத் தொட விடாதீர்கள். அணைத்த பிறகும் விழவில்லை என்றால்தான் லிங்கேஜ் புஷ் (கியர் லீவரைக் கியர்பாக்ஸோடு இணைக்கிற கம்பியின் புஷ்), கியர்பாக்ஸ் என்ற பேச்சே. ஆக்சிலரேட்டர் மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்தி வண்டி போகவில்லை என்றால் அது கிளட்ச் ஸ்லிப், அது வேறு கதை, அதற்குத்தான் பிளேட் மாற்ற வேண்டிவரும். இன்ஜின் மாற்றிய வண்டி என்றால் எர்த் ஸ்ட்ராப்பை இன்றைக்கே பாருங்கள். கிளட்ச் பிரச்சினையோடு செல்ஃபும் இழுத்தால் கண்டிப்பாகப் பாருங்கள். பழைய பார்ட்ஸ் கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள். கியர்பாக்ஸ் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். சுவரில் ரேஸ் படம் இருக்கிறதே என்று மயங்காதீர்கள்.

நான் 1915-க்குப் போன் போட்டு நுகர்வோர் உதவி மையத்தில் புகார் கொடுக்கிறேன். அங்கே சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் கொடுக்காததால் தப்பித்துவிடலாம் என்று அவர் நினைக்கிறார். யு.பி.ஐ. ரசீதுகள் இருக்கின்றன, அவர் கையெழுத்தில் விசிட்டிங் கார்டு இருக்கிறது, டிரெயின் போல்ட் ஆயிலை பாய் வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார். இதே பக்கம் இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.