பேக்கப்புக்கு 14,800 ரூபாய் கட்டி ஏமாந்தேன், நீங்களும் மாட்டிக்கொள்ளாதீர்கள்

போன வாரம் லேப்டாப் டிஸ்க் போய்விட்டது. பேக்கப் இருக்கிறதே என்று தைரியமாக இறக்கிப் பார்த்தால், அப்பாவின் ஆறு நோட்டு விவசாயக் குறிப்புகள், எட்டு மாதம் உட்கார்ந்து நான் தட்டச்சு செய்தவை, ஒரு கோப்பு கூடத் தமிழாக இல்லை. எல்லாம் குப்பை எழுத்து.

நிரல் வழியாகக் கோப்புகளை வாங்கிச் சேமிக்கும் ஓர் ஆன்லைன் சேவை, பெயர் போடவில்லை. வருடத்துக்கு 14,800 ரூபாய். கட்டும் முன் போனில் கேட்டேன், தமிழ் சரியாக வருமா என்று. "ஒரு எழுத்து கூடப் போகாது சார், நம்பி அனுப்புங்க" என்றார் அவர்கள் ஆள். அவர்கள் கொடுத்த மாதிரி நிரலை வைத்தே ஓர் ஆங்கிலக் கோப்பை அனுப்பி இறக்கினேன், அச்சு அசலாக வந்தது. அந்த நிமிடமே பணம் கட்டினேன்.

இப்போது கேட்டால், முதல் ஆள் ஃபான்ட் பிரச்சினை என்கிறார். அடுத்தவர் பிரவுசர் கேஷை அழிக்கச் சொல்கிறார். மூன்றாவது ஆள் "உங்கள் பக்கம்தான் கோப்பு கெட்டிருக்கிறது" என்று எழுதி என் புகார் டிக்கெட்டையே மூடிவிட்டார்.

அப்புறம் நானே தோண்டினேன். கோப்பை அனுப்புவதற்காக அதன் மூன்று பைட்டை நான்கு சாதாரண எழுத்தாக்கும் முறை பேஸ்64, அதில் கூட்டல் குறியும் ஓர் எழுத்து. அவர்கள் நிரல் அதை வெப் ஃபார்மில் அப்படியே அனுப்புகிறது, ஃபார்மிலோ கூட்டல் குறி என்றால் இடைவெளி. அந்த எழுத்துகளை மறுபடி கோப்பாக்க சர்வரில் இருக்கும் டிகோடர் அந்த இடைவெளியைச் சத்தமில்லாமல் விழுங்குகிறது, அந்த ஓர் எழுத்துக்குரிய 6 பிட் காணாமல் போய் பின்னால் வருவதெல்லாம் நகர்ந்துவிடுகிறது. வெறும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் கூட்டல் குறியே வராது, என் சோதனை தேறியது அதனால்தான். கணினி தமிழைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'அம்மா' என்ற ஒரு சொல்லுக்கே இரண்டு வரும், புள்ளிக்கு ஒன்று, துணைக்காலுக்கு ஒன்று!

மின்னஞ்சலில் 76 எழுத்துக்குள் வரியை உடைக்க வேண்டும், அதனால் 1996-இன் ஆர்எஃப்சி 2045 என்ற இணைய விதி ஆவணம் வரி முறிவையும் பேஸ்64-இல் சேராத வேற்று எழுத்தையும் கண்டுகொள்ளாமல் விடச் சொல்கிறது, அது நியாயம். இது மின்னஞ்சல் இல்லையே. 2006-இன் ஆர்எஃப்சி 4648, தனியாக அனுமதிக்காத வரை வேற்று எழுத்து வந்தால் மறுக்க வேண்டும் என்கிறது. முதல் நாளே பிழை என்று காட்டியிருந்தால் முதல் நாளே திருத்தியிருப்பேன். எட்டு மாதமும் 'வெற்றி' என்றே பதில் வந்தது.

இத்தனையும் எழுதி அனுப்பினேன். 14,800 ரூபாயைத் திருப்பித் தரக் கொள்கையில் இடமில்லையாம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. தமிழ்க் கோப்பை வைத்தே சோதியுங்கள். இறக்கியதை அசலோடு ஒப்பிடுங்கள். கூட்டல் குறிக்குப் பதில் சிறுகோடு போடும் யூஆர்எல் வகை பேஸ்64 உண்டா என்று கேளுங்கள். பைத்தான் நிரல்மொழியில் டிகோட் செய்தால், வேற்று எழுத்து வந்தால் பிழை காட்டும் வேலிடேட் (validate) அமைப்பை ட்ரூ (True) என்று வையுங்கள்.

நோட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. நாளைக்கு முதல் நோட்டிலிருந்து மறுபடி தட்டச்சு.