‘குரலைக் கேட்டு நகரும்’ டெலிபிராம்ப்டரை நம்பினேன்: பணமும் போச்சு, பாடமும் போச்சு

ஆன்லைனில் மொழி சொல்லிக்கொடுப்பவர்கள், போனில் டெலிபிராம்ப்டர் செயலி (பேச வேண்டியதைத் திரையில் ஓடவிட்டுக் காட்டுவது) போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், கார்டு நம்பரைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். செயலியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இன்னும் சிலவற்றையும் பார்த்துவிட்டேன். அதனால் பெயரைவிட, எங்கே கோட்டை விட்டேன் என்பதைச் சொன்னால்தான் உங்களுக்கு உதவும்.

நான் பெரியவர்களுக்குப் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு பாடத்திலும் ஒரு சின்ன உரையாடல், பத்துப் பன்னிரண்டு எடுத்துக்காட்டு வாக்கியங்கள், அப்புறம் கேள்விகள் இருக்கும். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து பார்ப்பதுதான் பழைய வழக்கம். ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டும்போது படிப்பவர்கள் என் வாயைத்தான் பார்க்க வேண்டும். நானோ அடுத்த சொல்லைத் தேடிக் குனிந்துவிடுவேன். அவர்களுக்குத் தெரிவது என் தலைவகிடு. எழுத்து கேமராவுக்குப் பக்கத்திலேயே ஓடினால் இந்தப் பிரச்சினை தீருமே என்றுதான் தேட ஆரம்பித்தேன்.

தேடலில் முதலில் வந்ததையே போட்டுக்கொண்டேன். அதன் தலையில் ‘விளம்பரம்’ என்று பொடி எழுத்தில் இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். விளம்பர வீடியோவில் ஒரு பெண் போன் முன்னால் உட்கார்ந்து நேரலை வகுப்பு எடுக்கிறார். அவர் பேசப் பேச எழுத்து நகர்கிறது, நிறுத்தினால் நிற்கிறது, மாணவர் கேள்வி கேட்கும்போது பொறுமையாகக் காத்திருக்கிறது. கீழே ‘நேரலை வகுப்புகளுக்கு ஏற்றது’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் நான் பணம் கொடுத்தேன்.

நான் மயங்கியதற்கும் காரணம் உண்டு. 1950 வாக்கில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக இந்தக் கருவி வந்தபோது அது வெறும் காகிதச் சுருள்தான். வசனம் மறந்துபோகுமே என்ற கவலையில் ஃபிரெட் பார்ட்டன் என்ற நடிகர் யோசனை சொல்ல, ஹ்யூபர்ட் ஷ்லாஃப்லி என்ற பொறியாளர் செய்து கொடுத்தார். பேசுபவரின் வேகத்தைப் பார்த்துச் சுருளை நகர்த்த ஒரு ஆள் பக்கத்தில் இருப்பார். சாமர்த்தியம் முழுக்க அந்த ஆளிடம்தான். வீட்டில் தனியாக உட்கார்ந்து பாடம் எடுக்கும் எனக்கு அப்படி ஒரு ஆள் ஏது? ‘குரலைக் கேட்டு நகரும்’ என்றதும் ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைத்துவிட்டேன்.

மூன்று நாள் இலவசம், அதன் பிறகு வாரச் சந்தா. அந்த மூன்று நாளும் இரவில் தனியாக உட்கார்ந்து, செயலிக்குள்ளேயே வீடியோ பதிவு செய்து பார்த்தேன். சின்னச் சின்னக் குறைகள் இருந்தாலும் எழுத்து நகர்ந்தது. நான் செய்த பெரிய முட்டாள்தனம் இதுதான்: ஒரு தடவைகூட அழைப்பில் இருந்துகொண்டு சோதித்துப் பார்க்கவில்லை.

முதல் நேரலை வகுப்பு. வீடியோ அழைப்பைத் திறந்தேன், அதன் மேல் மிதக்கும் சின்னப் பெட்டியில் பாடத்தைத் திறந்தேன். முதல் வரி, “போன வாரம் என்ன படிச்சோம்?” கேட்டேன். பெட்டி அசையவில்லை. மறுபடி கேட்டேன். அசையவில்லை. மைக்குக்குக் கேட்கவில்லையோ என்று குரலை உயர்த்தி மூன்றாவது தடவை. அந்தப் பக்கம் இருந்தவர் தமிழ் படிக்க ஆரம்பித்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. தயங்கித் தயங்கி, “டீச்சர், எனக்கு நல்லா கேக்குது. சத்தம் வேண்டாம்” என்றார். வாக்கியத்தில் ஒரு பிழை இல்லை, பாராட்டியிருக்க வேண்டும். நான் இருந்த நிலையில் தோன்றவில்லை. மிச்ச வகுப்பு முழுக்க விரலால் தள்ளித் தள்ளிப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் என் கை கேமராவை மறைத்துக்கொண்டு போய் வந்தது.

காரணம் தெரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது. போனின் மைக் எல்லாச் செயலிகளுக்கும் பொது. ஆண்ட்ராய்டில் பழைய பதிப்புகளில் ஒரு செயலி மைக்கைப் பிடித்துக்கொண்டால் இன்னொன்றுக்கு அது கிடைக்காது. பதிப்பு 10 முதல் கொஞ்சம் பகிர்ந்து கொடுக்கிறார்கள்; ஆனாலும் அழைப்பு நடந்துகொண்டிருந்தால் குரல் அழைப்புக்கே போகும். மற்றச் செயலிக்குப் பிழைச் செய்தி எதுவும் வராது, வெறும் மௌனம்தான் போய்ச் சேரும். அதாவது என் டெலிபிராம்ப்டர் கெட்டுப்போகவில்லை. நான் வாயே திறக்கவில்லை என்று நினைத்து அது பாட்டுக்குக் காத்திருந்தது. கேமராவும் இப்படித்தான். அழைப்பு அதை வைத்திருக்கும்போது டெலிபிராம்ப்டரின் பதிவு வசதியை அதே நேரத்தில் பயன்படுத்த முடியாது. இந்தச் செயலியைச் செய்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை. அந்த விளம்பரப் பெண் எந்த அழைப்பிலும் இல்லை என்பது என் முடிவு.

உதவி மையத்துக்கு எழுதினேன். இணையம் சரியாக இருக்கிறதா பாருங்கள் என்று முதல் பதில். செயலியை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்று இரண்டாவது. நல்லவேளை, அன்றைக்கு அதைச் செய்யவில்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். மூன்றாவது பதில்தான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது. போன் செட்டிங்ஸில் ‘ஆக்ஸசிபிலிட்டி’ பகுதிக்குப் போய் இந்தச் செயலிக்கு முழு அனுமதி கொடுங்கள், நேரலையிலும் வேலை செய்யும் என்றார்கள்.

அது பொய் இல்லை. அந்த அனுமதி உள்ள செயலிக்கு அழைப்பின் நடுவிலும் மைக் கிடைக்க ஆண்ட்ராய்டு வழி வைத்திருக்கிறது. ஆனால் அது பார்வைக் குறைபாடு போன்ற சிரமங்கள் உள்ளவர்களுக்கு உதவும் செயலிகளுக்காக வைத்த வழி. அதைக் கொடுத்தால் திரையில் தெரிவதையெல்லாம் அந்தச் செயலியால் படிக்க முடியும். வரும் ஓடிபி, வங்கிச் செயலியில் தெரியும் இருப்பு, மாணவர் அனுப்பும் சொந்த விஷயம், எல்லாம். நமக்குப் பதிலாகத் திரையைத் தட்டவும் முடியும். நாலு வரி எழுத்து நகர்வதற்கு வீட்டுச் சாவியையா கொடுப்பது? நான் கொடுக்கவில்லை. யார் கேட்டாலும் நீங்களும் கொடுக்காதீர்கள்.

சரி, குரல் வேண்டாம், ஒரே சீரான வேகத்தில் ஓடட்டும் என்று விட்டேன். அதில் இன்னொரு கூத்து. வேகத்தை ‘நிமிடத்துக்கு இத்தனை சொல்’ என்றுதான் வைக்க முடியும். செயலி தானாக வைத்திருந்தது 140. ஆங்கிலத்துக்கு அது சாதாரணப் பேச்சு வேகம். தமிழில் ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பது அதன் கணக்கில் ஒரு சொல்! ஏலம் விடுகிற மாதிரி ஓட வேண்டியிருந்தது. பாதிக்கும் கீழே, 60 வாக்கில் வைத்ததும்தான் மூச்சு விட முடிந்தது. மொழி வகுப்பில் அதுவும் போதவில்லை. ஒரு வாக்கியம் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்ல வைத்து, திருத்தி, மறுபடி சொல்ல வைக்க வேண்டும். அந்த நேரத்தில் எழுத்து அடுத்த பக்கத்துக்கே போயிருக்கும்.

தனியாகப் பதிவு செய்தபோது குரல் வசதி எப்படி இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், நியாயமாக இருக்க வேண்டுமே. எழுத்துத் தமிழில் எழுதி எழுத்துத் தமிழிலேயே படித்தால் ஓரளவு பின்தொடர்ந்தது. ‘செய்துகொண்டிருக்கிறேன்’ என்று எழுதியிருந்ததை வாய்ப்பழக்கத்தில் ‘செஞ்சிட்டிருக்கேன்’ என்று சொன்னால் தொலைந்தது. அதே வரியிலேயே நின்றுவிடும். பேசுகிற மாதிரியே எழுதி வைத்தாலும் சில சொல்லைப் பிடித்தது, சிலதை விட்டது. நடுவில் ஓர் ஆங்கிலச் சொல் வந்தால் திணறியது. சொன்ன எழுத்தை நிறம் மாற்றிக் காட்டும் வசதி என்று ஒன்று வைத்திருந்தார்கள். ‘கொ’ என்பது நமக்கு ஒரே எழுத்து, உள்ளே யூனிகோடில் (கணினியும் போனும் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறை) ‘க’ தனி, ‘ொ’ தனி. அந்த இரண்டையும் தனித்தனியாக நிறம் மாற்றியதால், ‘கொஞ்சம்’ வரும் இடமெல்லாம் கொம்பும் காலும் பிய்ந்து புள்ளிவட்டத்தோடு தொங்கின. தமிழில் ஒரு பக்கம்கூட ஓட்டிப் பார்க்காமல் ‘எல்லா மொழிகளிலும்’ என்று போட்டுவிட்டார்கள்.

ஐந்தாவது வாரத்தில் வெறுத்துப்போய்ச் செயலியைப் போனிலிருந்து தூக்கினேன். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. ஏழு வாரம் கழித்துக் கார்டு கணக்கைப் பார்த்தால், வாரம் தவறாமல் பணம் போயிருக்கிறது. செயலியை அழித்தால் சந்தா நிற்காது. ஆண்ட்ராய்டு என்றாலும் ஐபோன் என்றாலும் இதுதான் விதி, எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோருக்குள் உங்கள் படத்தைத் தொட்டு, பணம் செலுத்தல் மற்றும் சந்தாக்கள் பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் சந்தாப் பட்டியல் வரும். ஐபோன்காரர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: இலவச நாட்கள் முடிய 24 மணி நேரம் இருக்கும்போதே ரத்து செய்துவிட வேண்டும். மூன்று நாள் இலவசம் என்றால் கையில் இருப்பது உண்மையில் இரண்டு நாள்தான்.

‘வாரத்துக்கு இவ்வளவுதானே’ என்ற எண்ணமும் ஒரு கண்ணி. 52-ஆல் பெருக்கிப் பார்த்தேன். அதற்கு நல்ல மைக், விளக்கு, போன் ஸ்டாண்ட் மூன்றும் வாங்கியிருக்கலாம்.

பணத்தைவிட வலித்தது வேறு. என் பழைய பாடங்கள் சில, யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் தட்டியவை. ஒட்டினால் குப்பை குப்பையாக வரும். அதனால் ஐந்து வாரமும் புதிய பாடங்களைச் செயலிக்குள்ளேயே தட்டி வந்தேன். மொத்தம் 23. ஒவ்வொன்றைத் தட்டி முடிக்கும்போதும் ‘உங்கள் ஸ்கிரிப்ட் பத்திரமாகச் சேமிக்கப்பட்டது’ என்று பச்சை டிக் வரும். கிளவுடில் சேமிக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். போனுக்குள் மட்டும்தானாம், கிளவுட் வசதிக்கு இதைவிடப் பெரிய சந்தா. செயலியைத் தூக்கியதும் 23-ம் அதோடு போய்விட்டன. அன்றைக்கு அவர்கள் பேச்சைக் கேட்டு ‘எடுத்துவிட்டு மறுபடி’ போட்டிருந்தால் அப்போதே போயிருக்கும். செயலி போனது, பாடங்கள் போயின, சந்தா மட்டும் போகாமல் இருந்தது.

ரீஃபண்ட் கேட்டேன். பிளே ஸ்டோரில் வாங்கி 48 மணி நேரத்துக்குள் கேட்டால் வாய்ப்பு அதிகம், அது தாண்டினால் பெரும்பாலும் செயலிக்காரரிடமே அனுப்பிவிடுவார்கள். எனக்குக் கடைசி வாரத்துப் பணம் மட்டும் திரும்பி வந்தது. செயலிக்காரருக்கு மூன்று மின்னஞ்சல் போட்டேன். ‘பயன்படுத்தாதது உங்கள் விருப்பம்’ என்று ஒரே ஒரு பதில்.

இவ்வளவுக்குப் பிறகும் டெலிபிராம்ப்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வகுப்பைக் கணினியில் எடுத்து, போனைத் தனியாக வெப்கேமுக்குக் கீழே ஒட்டினாற்போல் வைத்தால், போனின் மைக் போனுக்கே இருக்கும், குரல் வசதியும் வேலை செய்யும். ஆனால் காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் விட்டால் மாணவர் திருப்பிச் சொல்வதையும் கேட்டுவிட்டு எழுத்து நம்மை விட்டுவிட்டு ஓடும். எதை வாங்குவதாக இருந்தாலும், இலவச நாட்களிலேயே ஒரு நண்பரை வீடியோ அழைப்பில் உட்கார வைத்துப் பத்து நிமிடம் பாடம் நடத்திப் பாருங்கள். ஐந்து நட்சத்திர ஒருவரிப் பாராட்டுகளைத் தள்ளிவிட்டு, புதிதாக வந்த ஒரு நட்சத்திர விமர்சனங்களைப் படியுங்கள். ‘கால் பண்ணும்போது நகரல’ என்று ஒருவர் எனக்கு ஐந்து மாதம் முன்பே அங்கே எழுதி வைத்திருக்கிறார். நான் அதுவரை கீழே இறங்கிப் பார்க்கவில்லை.

இப்போது நோட்ஸில் தட்டி, நான்கே குறிப்புச் சொற்களைப் பெரிதாகத் தாளில் எழுதிக் கேமராவுக்கு மேலே ஒட்டிக்கொள்கிறேன். தொலைந்த 23 பாடங்களில் 9-ஐ, மாணவர்கள் பதிவு செய்து வைத்திருந்த வகுப்பு வீடியோக்களைக் கேட்டுக் கேட்டுத் திருப்பி எழுதியாயிற்று. அதில் ஒன்று அந்த முதல் வகுப்பு. “போன வாரம் என்ன படிச்சோம்?” என்று மூன்று தடவை கத்துவதை நானே கேட்க வேண்டியிருந்தது. மீதி 14-க்குப் பதிவு இல்லை.