ஃபாஸ்டேக்: சேலத்திலிருந்து ஓட்டுகிறவனின் அனுபவம்

கோவைக்குக் கிளம்பினால் வைகுந்தம், பெங்களூருக்கு ஓமலூர், சென்னைக்கு மேட்டுப்பட்டி. சேலத்துக்காரருக்கு டோல்கேட் இல்லாத வெளியூர்ப் பயணம் குறைவு. டோல் பணம் தானாகக் கழிய வண்டியில் ஒட்டும் ஃபாஸ்டேக், 2021 பிப்ரவரியில் கட்டாயமானதிலிருந்து என் காரில் இருக்கிறது.

டேக் வேலை செய்வதில் எனக்குக் குறையே இல்லை. முன்கண்ணாடியின் உட்புறம், நடுக்கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டினோமா, மறந்தோமா என்று இருக்கலாம். பேட்டரி கிடையாது, டோலில் மேலே உள்ள ரீடரின் ரேடியோ அலையிலேயே இயங்கும். சிலர் ஒட்டாமல் கையில் தூக்கிக் காட்டுகிறார்கள். பின்னால் நிற்கிற அத்தனை வண்டிக்கும் அதனால் தாமதம். அப்படிப்பட்ட டேக்கைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க நெடுஞ்சாலை ஆணையம் சொன்னது சரியான முடிவு.

தொல்லையெல்லாம் கணக்குப் பக்கம்தான். ஒருநாள் கார் வீட்டு வாசலில் நிற்கும்போதே எங்கோ ஒரு டோலில் பணம் எடுத்ததாக எஸ்எம்எஸ் வந்தது. நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-க்கும் டேக் கொடுத்த வங்கிக்கும் புகார் செய்தேன். பணம் திரும்பி வந்தது, ஆனால் பல வாரம் கழித்து. எஸ்எம்எஸ்ஸில் டோலின் பெயரும் நேரமும் இருந்ததால்தான் பேச முடிந்தது. அதனால் டேக்கில் இருப்பது நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் மொபைல் நம்பர்தானா என்று பார்த்துவிடுங்கள். இருப்பையும் வீட்டிலேயே பாருங்கள். 2025 நவம்பர் 15-ல் வந்த விதிப்படி, டேக் செல்லாவிட்டால் யுபிஐயில் கட்டணத்தைப் போல ஒன்றேகால் மடங்கு, ரொக்கமாக இரண்டு மடங்கு என்று ஆனது.

தேசிய நெடுஞ்சாலை டோல்களுக்கான ஆண்டு பாஸ்தான் உண்மையில் கணக்குப் போட வேண்டிய இடம். 2025 ஆகஸ்ட் 15-ல் வந்தபோது விலை 3000 ரூபாய். 200 பயணம் அல்லது ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. சொந்த உபயோகக் கார், ஜீப், வேனுக்கு மட்டும். நம் பக்கம் ஒவ்வொரு டோலைத் தாண்டுவதும் ஒரு பயணம். உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னைக்கு மேட்டுப்பட்டி, நத்தக்கரை, வீரசோழபுரம், விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று ஆறு. இந்த ஆத்தூர் திண்டிவனம் பக்கத்து ஆத்தூர், நம்முடையது இல்லை. போய்வர 12 கழியும். அந்த 3000 ரூபாய் விலையில், 200-ஐயும் ஓட்டித் தீர்ப்பவருக்கு ஒரு டோல் 15 ரூபாய்தான், ஆகப் போகவர 180. மாதம் ஒருமுறையாவது சென்னைக்குக் காரில் போகிறவர் யோசிக்கவே வேண்டாம், எடுத்துவிடலாம்.

எப்போதாவது கோவைக்குப் போய் அன்றே திரும்புகிறவருக்கு பாஸ் அவசியமில்லை. 24 மணி நேரத்துக்குள் அதே டோல் வழியாகத் திரும்பினால், போகவரச் சேர்த்து ஒன்றரை மடங்கு கட்டணம்தான். டேக்கில் அது தானாகவே கழியும்.

பாஸ் எடுத்தாலும் டேக்கில் கொஞ்சம் பணம் இருக்கட்டும். மாநில டோல் சாலைகளில் பாஸ் செல்லாது, பணம் டேக்கிலிருந்துதான் போகும்.